பன்னிரண்டு பொட்டு

முறுக்கினேன். முதல் பிளேடு, நாலு போல்ட், நாலையும் முறுக்கினேன், அது நல்லா ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நாலாவதில் ஸ்பேனர் வழுக்கி விரல்முட்டி இரும்பில் இடித்துத் தோல் உரிந்தது, இதோ இன்னும் எரிகிறது. இரண்டாவது பிளேடு, நாலு போல்ட், அதையும் முறுக்கினேன், அப்போதுதான் அம்மா "ஏட்டி, வச்ச பொட்டையெல்லாம் அழிக்கியே" என்று கத்தினாள், நான் "பொட்டு வச்சா போல்ட் தானா இறுகிருமா" என்று திருப்பிக் கத்தினேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது பிளேடு. மூன்றாவது பிளேடு. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. யோசித்தால் ஸ்பேனர் கையில் இருக்கிறது, கை முறுக்குகிறது, எந்த பிளேடு என்று குனிந்து பார்த்தால் மறுபடி முதல் பிளேடுதான், வழுக்குகிறது, இடிக்கிறது. மணி ஒன்றரை. இரண்டு மணிக்குக் கரண்ட் வரும். மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கு நிறுத்தினால் இரண்டுக்குத்தான் விடுவார்கள், சில மாசம் ஒன்றே முக்காலுக்கே வந்துவிடும், சில மாசம் நாலாகும், இன்றைக்கு எப்போது என்று எவனுக்கும் தெரியாது. வந்ததும் அப்பா பச்சைப் பட்டனை அமுக்குவார். பலகையைத் தள்ளுவார். தள்ளும்போது அவர் வயிறு பிளேடு மாட்டின உருளைக்கு நேராக இருக்கும். நிமிஷத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு சுற்று என்று இந்த இழைப்பு மிஷினை விற்றவர் சொன்னார். போல்ட் கொஞ்சம் நெகிழ்ந்திருந்தாலும் பிளேடு பிச்சுக்கிட்டு வெளிய வந்திரும் பாப்பா, அதை மட்டும் பாத்துக்கோ. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அப்பாவைப் பார்த்து இல்லை.

அப்பா எதிரே ஒரு கட்டை மேல் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துப் புளிசாதம் சாப்பிடுகிறார். பத்தடி நடந்தால் வீடு, உள்ளே போய்ச் சாப்பிடலாம், போக மாட்டார், மிஷினைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். கல்யாணமான புதுசில் அம்மாவைக்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டார். நேற்றுச் சாயங்காலம் குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது. நானூற்று இருபது கிலோ பச்சை இரும்பு. நீளமாக இரண்டு மேசை, நடுவில் ஒரு சின்ன இடைவெளி, அந்த இடைவெளியில் ஒரு உருளை, உருளையில் மூன்று பிளேடு, ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். பலகையை மேலே தள்ளினால் அடிப்பக்கம் வழவழவென்று இழைத்துக்கொண்டு போகும். ஆறு பேர் சேர்ந்து இரும்புக் குழாய்களை அடியில் கொடுத்து, கடப்பாரையால் நெம்பி நெம்பி, பின்னால் எடுத்த குழாயை முன்னால் போட்டு, தச்சுப் பட்டறைப் பின்வாசல் வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தார்கள். வாசலில் நின்றுவிட்டது. நாலு விரல் போதவில்லை. "அளந்தீங்களாப்பா" என்றேன். "மிஷினை அளந்தேன்" என்றார். "வாசலை?" "வாசல நாந்தானடி செஞ்சேன். அதை எதுக்கு அளக்கணும்." ஆறு பேரும் சிரித்தார்கள். பிறகு அவரே சுத்தியலை எடுத்து அவரே செய்த நிலையை அவரே பெயர்த்து எடுத்தார், வேங்கை மர நிலை, ஒரு ஆணிகூட இல்லாமல் பொருத்தினது, பெயர்க்கும்போது அழுகிற மாதிரிச் சத்தம். நான் சும்மா இருந்தேனா? இருக்கவில்லை. ஆறு பேர் முன்னால் "இதுக்குத்தான் எதையும் ரெண்டு தடவை பாக்கணும்ங்கிறது" என்றேன். நான்தான் சொன்னேன். நேற்று. இந்த வாயால்.

சொல்லியிருக்கக் கூடாது. ஏனென்றால் என்னை யாரும் ரெண்டு தடவை பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டதும் நான்தான். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததோடு பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பன்னிரண்டாவது. இன்னும் மூணு மாசம்தானே, இருந்து தொலைச்சிருக்கலாமே என்று ஊரே சொன்னது. என்னால் முடியவில்லை. பாடம் புரியாமல் இல்லை, புரிந்ததையே ஒரு மணி நேரம் புரிய வைப்பார்கள், அதுதான் முடியவில்லை. காலுக்குள் எறும்பு ஊறும். வேதியியல் வாத்தியார் "உலகம்மா, உலகமே நின்னாலும் நீ ஒரு இடத்துல நிக்கமாட்டியா" என்பார், வகுப்பு முழுக்கச் சிரிக்கும், இந்தப் பேரை வைத்த அம்மாவை அப்போதெல்லாம் மனசுக்குள் திட்டுவேன். யாரும் என்னை நிறுத்தவில்லை, கஷ்டம் என்று கதை கட்டவும் இஷ்டம் இல்லை. நானாக நின்றேன். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு ஜன்னல் சட்டத்தைக் கொடுத்து நாலு மூலையும் மூட்டுக்கு உளியால் பொளிக்கச் சொன்னார். பொளித்தேன். தண்ணீர் குடிக்க உள்ளே போய்த் திரும்பினால் அவர் மட்டத்தை வைத்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். எனக்கு வந்ததே ஒரு கோபம். "ஒரு வேலைய நம்பிக் குடுத்தா அதை மறுபடி தொட்டுப் பாக்கக் கூடாது. பாக்குறதுன்னா நீங்களே செஞ்சுக்கோங்க, நான் போய் ஜவுளிக்கடையில சேல மடிக்கேன்." அப்பா மட்டத்தைக் கீழே வைத்தார். "சரி" என்றார். அதற்கப்புறம் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் முடித்த சாமான் பக்கம் கை தானாகப் போகும், பாதியில் நின்றுவிடும், தலையைச் சொறிகிற மாதிரி மேலே போய்விடும். எனக்குச் சிரிப்பு வரும். ஜெயித்த மாதிரி இருக்கும். இன்றைக்குக் காலையில் கைகூடப் போகவில்லை. நான் முறுக்கும்போது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் தரை போல்ட்டை இறுக்கிக்கொண்டு இருந்தார். திரும்பாமலே கேட்டார். "முறுக்கிட்டியாட்டி?" நான் "ம்" என்றேன்.

ம். என்ன வார்த்தை இது. நான் ம் சொல்கிற ஆளே கிடையாது. ஆமா என்றால் ஆமா, இல்லை என்றால் இல்லை, இதற்குத்தான் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்கு என்னைக் கூட்டிப்போக அம்மா பயப்படுவாள். அந்த ம் எங்கிருந்து வந்தது? முறுக்கிவிட்டு வந்த ம்மா, முறுக்காமல் வந்த ம்மா? அதற்கு முன்னால் என்ன நடந்தது, வரிசையாகப் பார். எட்டு மணிக்கு மூன்று பிளேடையும் அதனதன் இடத்தில் வைத்து, அப்பா உயரம் பார்த்துச் சொல்ல, நான் போல்ட்டைக் கையால் மட்டும் திருகி நிறுத்தினேன். கையால் திருகினது பிடிக்காது, சும்மா விழாமல் நிற்கும், அவ்வளவுதான். ஸ்பேனரை எடுக்கும்போது அம்மா தட்டோடு வந்துவிட்டாள், நல்ல நேரம் முடியப்போகுது, முதல்ல பூசை, அப்புறம் முறுக்கு. அம்மாவுக்குச் சாமி என்றால் பொட்டு. ஆயுத பூசைக்கு விளக்குமாறு, தண்ணி மோட்டார், கேஸ் அடுப்புக் குமிழ் வரைக்கும் வைப்பாள், ஒரு வருஷம் என் சைக்கிள் பம்புக்கும் தூங்கிக்கொண்டிருந்த எனக்கும் சேர்த்து வைத்தாள். மிஷினுக்கு விடுவாளா? மேசைக்கு மூன்று, மோட்டாருக்கு ஒன்று, ஃபியூஸ் பெட்டிக்கு ஒன்று, பிறகு குனிந்து உருளையைக் கையால் சுற்றிச் சுற்றி பிளேடு போல்ட் பன்னிரண்டுக்கும் சந்தனம் தொட்டு மேலே குங்குமம். நிதானமாக. ஒன்றுகூடக் கோணாமல். கற்பூரம் காட்டி முடித்து அவள் நகர்ந்த பிறகுதான் ஸ்பேனரை எடுத்தேன். முதல் பிளேடு. வழுக்கல். இரண்டாவது. அம்மா சத்தம். அப்புறம் ஃபோன். ஃபோன்தான். ஜன்னத். என் பெஞ்சில் உட்கார்ந்தவள். "ஏட்டி உலகு, ஹால் டிக்கெட் குடுக்காங்கடி. உன் பேரும் இருக்கு." எனக்குப் புரியவில்லை. "என் பேரு எப்படி இருக்கும், நான்தான் நின்னுட்டேனே." "வேதியியல் சார் பேரை அடிக்கவே இல்லயாம்டி. உன் ஃபோட்டோ வேற, அந்த ரெட்டைச் சடையோட, பேய் மாதிரி. வாங்கி வைக்கவா, வேண்டாமா, சொல்லு, ஆபீஸ்ல நிக்கேன்." நான் என்ன சொன்னேன்? "அதை வச்சுப் பொட்டலம் மடி" என்று சொன்னேன். கட் பண்ணினேன். வந்தது சந்தோஷமா கோபமா என்று இப்போதும் தெரியவில்லை, அந்த ஆளுக்கு என் மேல் அப்படி என்ன, நின்று போனவள் பேரை அடிக்க ஒரு கோடு போதுமே, எதற்குப் போடாமல் வைத்திருந்தார். அதை யோசித்துக்கொண்டே கை ஏதோ செய்தது. முறுக்கியதா? ஸ்பேனரைப் பெட்டியில் வைத்ததா? பலகை அடியில் நுழைகிற அளவு சந்து விட்டு உருளை மேல் மூடியைக் கவிழ்த்துத் திருகாணியை மாட்டினேன், அது ஞாபகம் இருக்கிறது. அப்பா கேட்டார். ம்.

ஸ்பேனர் இதோ பெட்டியில் கிடக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன். வாயில் குங்குமம் ஒட்டியிருக்கிறது. ஒரு நொடி உயிர் வந்தது. அப்புறம் பார்த்தால் எட்டு போல்ட் முறுக்கினாலும் குங்குமம் ஒட்டும், பன்னிரண்டு முறுக்கினாலும் ஒட்டும். எட்டா பன்னிரண்டா என்று ஸ்பேனருக்குத் தெரியாது. கையைப் பார்க்கிறேன், விரலிலும் சிவப்பு, அது குங்குமமா ரத்தமா. எழுந்து போய் மூடியைத் திறந்து பார்த்தால் என்ன? பார்க்கலாம். அப்பா அசையாமல் மிஷினையே பார்க்கிறார், மூடி மேல் மஞ்சள் தடவின முதல் பலகை கிடக்கிறது, அதைத் தூக்க வேண்டும், என்னட்டி என்பார், ஒண்ணுமில்லப்பா சும்மா என்று சொல்ல வேண்டும், ஒரு ம் போய் இன்னொரு பொய். இல்லாவிட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மை என்ன? முறுக்கவில்லை என்பது உண்மை என்றால் சொல்லிவிடுவேன், எனக்கு ஒன்றும் இல்லை, திட்டுவார், திட்டட்டும். முறுக்கினேன் என்பதும் சுலபம். இது இரண்டும் இல்லையே. தெரியவில்லை என்று இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, தெரியாத கேள்விக்குக்கூட ஏதாவது ஒன்றைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். ஒருவேளை முறுக்கியிருக்கலாம். கை பழகின வேலை. இரண்டு முடித்த கை மூன்றாவதை விடுமா? ஆனால் அந்த உருளை வட்டம், சுற்றிவிட்டால் எது முதல், எது மூன்றாவது என்று எதில் எழுதியிருக்கிறது. நான் மூன்றாவது என்று நினைத்து முதல் பிளேடையே மறுபடி முறுக்கியிருந்தால்? வாசலைச் செய்த ஆளுக்கே வாசல் மறந்துபோகுமென்றால். அப்பா தட்டில் கை கழுவுகிறார். சட்டையைத் தூக்கி வாயைத் துடைக்கிறார். வயிறு தெரிகிறது. தொப்புளுக்கு மேலே ஒரு மச்சம். சின்ன வயசில் அதை அமுக்கினால் அவர் ஹார்ன் சத்தம் போடுவார். ஐயோ. மணி ஒன்று நாற்பது.

ஃபியூஸ் பெட்டி என் தலைக்கு மேல் இருக்கிறது. அதன் கீழே பலகை அடுக்கின் மேல் ஜெபராஜ் அண்ணன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார், வயரிங் முழுக்க அவர்தான், கரண்ட் வந்து உருளை சரியான பக்கம் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவேன், தப்பாகச் சுற்றினால் இரண்டு வயரை மாற்றிக் கொடுக்கணும் என்று காத்துக்கிடக்கிறார். பெட்டிக்குள் மூன்று வெள்ளை ஃபியூஸ் கட்டை. மூன்றையும் உருவினால் மிஷின் பிணம். ஒன்றை மட்டும் உருவினால் மோட்டார் உறுமி உறுமிக் கருகிவிடும் என்று காலையில்தான் சொன்னார். எழுந்தேன். அப்பா தட்டை வைக்க வீட்டுப் பக்கம் திரும்பினார். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்று எண்ணினேன், சட்டைப் பையில் போட்டேன், தொட்டுப் பார்த்தேன், மூன்று. இதை மட்டும் எண்ணத் தெரிகிறது. நான் போட்டிருப்பது அப்பாவின் பழைய சட்டை, பை பெரியது, கனத்தில் ஒரு பக்கம் தொங்குகிறது. உட்கார்ந்தேன். இப்போது என்ன சாதித்தேன்? தள்ளிப்போட்டேன். கரண்ட் வரும், மிஷின் ஓடாது, தேடுவார்கள், பெட்டியைத் திறப்பார்கள், வேறு கட்டை வாங்கி வருவார்கள், மாட்டுவார்கள், அமுக்குவார்கள். நடுவில் மூடியைத் திறக்க ஒரு சந்து கிடைக்குமா? கிடைக்காவிட்டால்? எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது, இப்படி மறைத்து வைத்து உட்காருகிற பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கண்டாலே ஆகாது.

பக்கத்து வீட்டு மிக்சி யாரும் தொடாமல் அலறியது. யாரோ சுவிட்சை அணைக்காமல் விட்டிருக்கிறார்கள். கரண்ட் வந்துவிட்டது. ஜெபராஜ் அண்ணன் துள்ளி எழுந்தார். அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தாள். "ஏங்க, வடக்கப் பாத்துக் கும்பிட்டுட்டு அமுக்குங்க." அப்பா மஞ்சள் பலகையை எடுத்து மேசை மேல் வைத்து, இரண்டு கையையும் அதன் மேல் வைத்து, சரியாக நான் நினைத்த இடத்தில் போய் நின்றார். வயிறு, உருளை. பட்டன் பக்கம் போகவில்லை. என்னைப் பார்த்தார்.

"உலகு, நீ அமுக்கு."

"நானா?"

"நீதானே முறுக்கின. நீ அமுக்கு, நான் தள்ளுதேன்."

கால் நடந்தது. பச்சைப் பட்டன் வழவழவென்று குளிர்ந்து இருந்தது, அதன் நடுவிலும் அம்மா ஒரு பொட்டு. பையில் மூன்று கட்டை இருக்கிறது, அமுக்கினால் ஒன்றும் ஆகாது, தெரியும், தெரிந்தும் விரல் போகவில்லை. மூன்றும் இருக்கிறதா? எண்ணினேனே. எண்ணினேன் என்றுதானே அதையும் நினைத்தேன். இப்போது எதை எண்ணினாலும் நம்பிக்கை வரவில்லை.

"என்னட்டி, மாப்பிள்ளை வீட்டுக்குக் காப்பி குடுக்கப் போற மாதிரி வெக்கப்படுத, அமுக்கு" என்றார் ஜெபராஜ் அண்ணன். பொறுக்காமல் அவரே எட்டி அமுக்கினார். டக். ஒன்றும் இல்லை. மறுபடி டக். அவர் முகம் சுருங்கியது. "என் வயரிங்ல ஒண்ணும் இருக்காது அண்ணாச்சி, மோட்டாரத்தான் பாக்கணும், எத்தன வருசம் கிடங்குல கெடந்த மோட்டாரோ."

"புது மோட்டாரு ஜெபராஜ்."

"புதுசுன்னா? புதுசு சாகாதா?" டெஸ்டரைக் காதிலிருந்து உருவிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். "ஏய், கட்டய காணும்! மூணையும் காணும் அண்ணாச்சி, எவனோ நான் தூங்கயில உருவிட்டுப் போயிருக்கான்."

"நான்தான்" என்றேன்.

மூன்றையும் எடுத்து மேசை மேல் வைத்தேன். இரும்பில் மூன்று தடவை டணக் என்றது. மூன்றுதான். அம்மா "ஏன்டி, நல்ல காரியத்துல என்னடி விளையாட்டு" என்றாள். அப்பா பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியலப்பா."

"என்ன தெரியல?"

"மூணாவது பிளேடு. முறுக்கினேனா இல்லையான்னு தெரியல."

"கேட்டேனே. ம்னு சொன்னியே."

"சொன்னேன். தெரியாமத்தான் சொன்னேன். அப்பவே தெரியல. இப்பவும் தெரியல."

மிக்சியை யாரோ நிறுத்தினார்கள். அப்பா பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். திருகாணியைக் கழற்றி மூடியை எடுத்தார். உருளையில் கை வைத்து மெதுவாகச் சுற்றினார். முதலில் வந்த பிளேடில் நாலு போல்ட்டும் சந்தனம் வழிந்து சேறு மாதிரிக் குழம்பிக் கிடந்தது. சுற்றினார். அடுத்ததும் அப்படியே. சுற்றினார். அம்மா அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள், முகம் மலர்ந்துவிட்டது, அவளுக்கு எதுவும் புரியவில்லை, அவளுக்கு அவள் கவலை.

"இந்தா பாருங்க, இந்த நாலு பொட்டு மட்டும் அழியாம அப்படியே இருக்கு!"

நாலும் வட்டமாக இருந்தன. சந்தனம் காய்ந்து ஓரத்தில் வெடித்திருந்தது, நடுவில் குங்குமம் ஒரு துளி சிதறாமல். அப்பா ஒரு விரலை முதல் போல்ட்டின் மேல் வைத்து அழுத்தாமல் திருப்பினார். திரும்பியது. விரலுக்கே திரும்பியது. பொட்டும் சேர்ந்து திரும்பியது. அவர் வாசல் பக்கம் பார்த்தார், நிலை இல்லாமல் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற வாசலை. ஜெபராஜ் அண்ணன் "யேசுவே" என்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அப்பா ஸ்பேனரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"முறுக்கு."

முறுக்கினேன். ஒன்று. சந்தனம் உதிர்ந்தது. இரண்டு. இந்தத் தடவை அம்மா எதுவும் சொல்லவில்லை. மூன்று. இரண்டு தடவை ஸ்பேனர் வழுக்கியது. நாலு. முடித்துவிட்டு நிமிர்ந்தால் அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், காலையில் நின்ற மாதிரியே, கை இரண்டையும் பின்னால் கோத்துக்கொண்டு, ஒரு கை இன்னொரு கையைப் பிடித்து வைத்திருக்கிற மாதிரி. இந்த மனுஷனை என்ன செய்வது. இவ்வளவுக்குப் பிறகும் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று நிற்கிறார். சட்டம் நான் போட்டது.

"அப்பா. நீங்களும் ஒரு தடவ பாருங்க."

திரும்பினார். ஸ்பேனரை வாங்கினார். ஒன்று என்று வாய்விட்டுச் சொல்லி அழுத்தினார். அசையவில்லை. இரண்டு. என் முதல் பிளேடு அதுதானா, அவருடைய முதலா, தெரியவில்லை, உருளை வட்டம்தானே. மூன்று. அம்மா தட்டில் மிச்சம் இருந்த குங்குமத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள், அவர் பார்த்து முடித்த போல்ட்டுக்கெல்லாம் புதுசாகப் பொட்டு வைத்தபடி. நாலு. ஐந்து. ஃபோன் அடிக்கிறது. ஜன்னத். மறுபடி ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறாள் போல, பொட்டலம் மடிக்கச் சொன்னேனே, எதற்கு நிற்கிறாள். வாங்கி வைக்கவா வேண்டாமா என்று கேட்பாள். ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை, வாய்க்குள் வேறு ஒரு வார்த்தை இருக்கிறது, அப்பாவிடம் இப்போது சொன்ன அதே வார்த்தை. அப்பா ஏழாவதில் இருக்கிறார். இன்னும் ஐந்து போல்ட். அடிக்கட்டும்.